கேட்டது ஒன்று, வந்தது ஒன்று: புராஜெக்ட்டில் தேவைகள் தடம் மாறினால் எங்கே பார்ப்பது

மதுரையில் ஜவுளிக்கடைக்கும் பூக்கமிஷன் கடைக்கும் அரிசி ஆலைக்கும் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் சின்னக் குழுக்களை மனத்தில் வைத்து எழுதியது இது. நாலைந்து பேர், கையில் இரண்டு மூன்று புராஜெக்ட், ஒவ்வொன்றும் 40 முதல் 90 வேலைநாள். வேலை சிக்கிக்கொண்டால் முதலில் டெவலப்பர் தலை உருளும். பிறகு "கிளையன்ட் மாத்திக்கிட்டே இருக்கார்" என்ற பேச்சு வரும். இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, கண்ணில் படும் அறிகுறியைக் கீழே தேடுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், கைக்காசைக் கரைக்கும் காரணம் கடைசியில்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் ஒரு எக்செல் தாள் கையில் வேண்டும். ஆறு பத்தி (column) போதும்: எண் (தே-1, தே-2 என்று), யார் சொன்னது, எந்தத் தேதி, தேவை (கிளையன்ட் கேட்பது) ஒரே வரியில், ஒரு உதாரணக் கணக்கு, இப்போதைய நிலை. பாதி வேலை முடிந்த புராஜெக்ட்டாக இருந்தாலும் அரை நாள் ஒதுக்கி இதை முதலில் நிரப்புங்கள். நிரப்பும்போதே பாதிக் கோளாறு தெரிந்துவிடும்.

## அறிகுறி 1: டெமோவில் "நான் கேட்டது இது இல்லையே" என்கிறார் கிளையன்ட்

முதல் காரணம், கடையின் பழைய பில்களைப் பார்க்கவில்லை. சரிசெய்ய ஒரு போன் போதும். போன மாதத்து பில் புத்தகத்திலிருந்து பத்துச் சீட்டு வாங்குங்கள். அழகான பத்து வேண்டாம். அடித்துத் திருத்தியது, ரத்தானது, பின்பக்கம் பென்சிலில் கூட்டிக் கழித்தது என்று பார்த்து எடுங்கள். அந்தப் பென்சில் கணக்கைத்தான் யாரும் மீட்டிங்கில் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஒரே ஆளிடம் மட்டும் கேட்டது. "யார் சொன்னது" பத்தியை ஓட்டிப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை முதலாளி பெயர் மட்டுமே இருந்தால் பழுது அங்கேதான். முதலாளி சொல்வது கடை எப்படி நடக்க வேண்டும் என்பது. கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்தது கடை எப்படி நடக்கிறது என்பது. கல்லாவில் இருப்பவர், எடை போடுபவர், கணக்கு எழுதுபவர் மூவரிடமும் தனித்தனியாக அரை மணி நேரம் பேசுங்கள். முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கணக்குப்பிள்ளை எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்பார், அதனால் வேறு நேரம் பாருங்கள்.

உதாரணக் கணக்கு இல்லை. பெரும்பாலான புராஜெக்ட் விழுவது இந்தக் குழியில்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக் கமிஷன் கடை ஒன்றுக்கு "விவசாயிக்குப் பட்டியல் (விற்ற கணக்குச் சீட்டு) போட வேண்டும்" என்று ஒரு தேவை இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்கள் மாதிரிக்குத்தான். மல்லிகை மொத்த எடை 18.400 கிலோ, சாக்கு 0.400, நிகரம் 18.000. கிலோ 640 ரூபாய் என்றால் 11,520. கமிஷன் 10 சதவீதம் 1,152, இறக்குகூலி 20, முன்பணப் பிடித்தம் 2,000. கையில் 8,348. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் கணக்குப்பிள்ளையிடம் நீட்டினால் உடனே சொல்வார்: "காலையில வித்தது 11 கிலோதான் தம்பி. மிச்சம் 7 கிலோ ஒன்பது மணிக்கு மேல 500க்குப் போச்சு."

ஆக ஒரே வரவுக்கு இரண்டு விலை. 7,040 கூட்டல் 3,500, மொத்தம் 10,540. கமிஷன் 1,054, கூலி 20, பிடித்தம் 2,000 போனால் 7,466. பட்டியலில் இரண்டு வரியாகக் காட்டுவதா, சராசரி விலையாக ஒரே வரியா? சராசரி என்றால் 585.56. அதை 18ஆல் பெருக்கினால் 10,540.08 வரும், எட்டுப் பைசா இடிக்கும். விவசாயி கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்பார். "பட்டியல் போட வேண்டும்" என்ற ஒரு வரியிலிருந்து இத்தனை கேள்வி கிளம்புகிறது. உதாரணம் எழுதாமல் கோடிங்கில் இறங்கினால் இவை எல்லாம் டெமோ அன்றைக்குத்தான் வரும்.

அடித்தளமே தப்பு. ஒரு வரவுக்கு ஒரே விலைதான் என்று டேட்டாபேஸ் கட்டியாகிவிட்டது என்றால் செலவு பெரிசு. வாங்கி வைத்த பத்துச் சீட்டையும் இப்போதிருக்கும் சாஃப்ட்வேரில் போட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் தோற்றால் ஒட்டுப்போடலாம். இரண்டு அல்லது அதற்கு மேல் தோற்றால் கோடிங்கை அன்றே நிறுத்தி, அந்தப் பகுதிக்குப் புதிதாக நாள் கணக்குப் போடுங்கள்.

வெளியாளை எப்போது கூப்பிடுவது: முன்பணத்துக்கு வட்டி, பங்காளிகளுக்குள் லாபப் பிரிவு, இரட்டைப் பதிவுக் கணக்கு என்று பேச்சு போனால், கிளையன்ட்டின் ஆடிட்டரை ஒரு மணி நேரம் உட்கார வைத்துக் கேளுங்கள். நீங்களாக ஊகித்து எழுதினால் அந்தத் தப்பு மார்ச்சில் ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது வந்து நிற்கும்.

## அறிகுறி 2: தேவைப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, தேதி தள்ளிக்கொண்டே போகிறது

"இதில் சேராதவை" என்று எழுதவில்லை. கொட்டேஷனில் என்னென்ன செய்வோம் என்று இரண்டு பக்கம் இருக்கும். செய்யமாட்டோம் என்பது ஒரு வரிகூட இருக்காது. பழைய டேட்டாவை ஏற்றுவது, மொபைல் ஆப், இரண்டாவது கிளை, எஸ்எம்எஸ் கட்டணம், பார்கோடு ஸ்டிக்கர் வடிவமைப்பு: இந்த ஐந்தும் பேசாமல் விட்டால் "சேர்ந்ததுதானே" ஆகிவிடும். ஒவ்வொன்றுக்கும் உண்டு அல்லது இல்லை என்று எழுதி வாங்குங்கள். புராஜெக்ட் நடுவிலும் இதைச் செய்யலாம். தாமதம்தான், ஆனால் தப்பில்லை.

தேவை வாய்ஸ் மெசேஜில் வருகிறது. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு நிமிடக் குரல் வரும். மறுநாள் காலை எழுத்தில் பதில் போடுங்கள்: "அண்ணே, நேத்து சொன்னதை இப்படி எடுத்துக்கிட்டோம்: கடனுக்கு பில் போடும்போது பழைய பாக்கி பில்லின் அடியில் வர வேண்டும். தே-31 என்று குறித்திருக்கிறோம். 2 நாள் வேலை. சரியா?" "சரி" என்று பதில் வந்த பிறகே டெவலப்பருக்குப் போக வேண்டும். டெவலப்பரை அந்தக் குரூப்பில் சேர்க்காமல் இருப்பது இன்னும் நல்லது. சேர்த்தால் அவர் நல்ல மனசோடு அன்றிரவே செய்து கொடுத்துவிடுவார், கணக்கில் ஏறாது.

சின்னச் சின்ன வேலைகளை இனாமாகக் கொடுத்தது. அரை மணி நேர வேலைக்குக் காசு கேட்டால் முகம் சுளிப்பார்கள், கேட்காவிட்டால் முப்பது வரும். இதற்கு ஒரு வழி உண்டு. 60 நாள் புராஜெக்ட் என்றால் மாற்றங்களுக்கென்று 6 நாளைக் கொட்டேஷனிலேயே தனி வரியாகக் காட்டுங்கள். ஒவ்வொரு மாற்றமும் அதிலிருந்து கழியும். வாரா வாரம் மீதி எவ்வளவு என்று தெரிவியுங்கள். மீதி 2 நாள் ஆகும்போது காசுப் பேச்சை எடுங்கள், பூஜ்யம் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். தன் இருப்பு கரைவது தெரிந்தால் எது அவசியம் என்று கிளையன்ட்டே வரிசைப்படுத்தத் தொடங்குவார். கூடுதல் வேலைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனி என்பதையும் அதே வரியில் எழுதிவிடுங்கள். கடைசி நேரத்து மனக்கசப்பில் பாதி அதை எழுதாததால்தான்.

ஆரம்பக் கணக்கே தப்பு. வந்த மாற்றங்களுக்கு நேராகப் "புதுசு", "விளக்கம்", "விட்டது" என்று மூன்றில் ஒன்றை நேர்மையாகக் குறியுங்கள். முன்பு பேச்சிலேயே இல்லாதது புதுசு. பேசியது, ஆனால் தெளிவாகவில்லை என்றால் விளக்கம். அவர் சொன்னார், நாம் எழுதவில்லை என்றால் விட்டது. பாதிக்கு மேல் "விட்டது" என்று வந்தால் அந்த நஷ்டம் நம்முடையது. அதற்குக் காசு கேட்டு நிற்காதீர்கள், தேதியை மட்டும் புதிதாகப் பேசுங்கள்.

வக்கீலைப் பார்க்கும் கட்டம்: கிளையன்ட் "கான்ட்ராக்ட்" என்ற சொல்லை எழுத்தில் பயன்படுத்தத் தொடங்கினால். அதற்கு மேல் வாட்ஸ்அப்பில் ஒரு வாக்கியம்கூட யோசிக்காமல் போடக்கூடாது.

## அறிகுறி 3: அப்பா ஒன்று சொல்கிறார், மகன் ஒன்று சொல்கிறார்

விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளில் அடிக்கடி காணலாம். அப்பாவுக்குத் தினச் சரக்கு இருப்பும் கடன் பாக்கியும் வேண்டும், மகனுக்கு ஆன்லைன் விற்பனை வேண்டும். முதலில் தாளைப் பார்த்து உண்மையிலேயே முரண்தானா என்று பாருங்கள். பல நேரம் இரண்டும் வேறு வேறு திரைகள்தான், வரிசைதான் சண்டை. முரண் என்றால் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து இரண்டு வரியையும் வாசியுங்கள். தீர்ப்பு நீங்கள் சொல்லாதீர்கள், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு கையெழுத்து போய்விடும். "இறுதியாகச் சரி சொல்பவர் யார்" என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் இப்போதாவது சேர்த்துவிடுங்கள். பங்காளித் தகராறு வாடையடித்தால் வேலையை நிறுத்தி, அதுவரை முடித்ததற்கு பில் அனுப்புங்கள். அதைச் சாஃப்ட்வேர் தீர்க்காது.

## அறிகுறி 4: டெவலப்பர் திரும்பத் திரும்பக் கேட்கிறார், டெஸ்டிங்கில் திரும்பி வருகிறது

தேவை வரியில் வழுவழுச் சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். நாலு சொல் போதும்: "வேகமாக", "எளிதாக", "எல்லா ரிப்போர்ட்டும்", "தேவைப்பட்டால்".

"வேகமாக" என்றால் எத்தனை வினாடி, எத்தனை பொருள் ஏற்றிய பிறகு? 200 பொருளில் பறக்கும் தேடல் 40,000 பொருளில் நொண்டும். "எல்லா ரிப்போர்ட்டும்" என்றால் பெயர் சொல்லி எண்ணுங்கள்; இருபது சொல்வார், தினமும் பார்ப்பது மூன்றாக இருக்கும். "தேவைப்பட்டால்" என்றால் யாருக்கு, யார் அனுமதியோடு?

ஒரு வரியில் "மற்றும்" வந்தால் பெரும்பாலும் அது இரண்டு தேவை. பிரித்து இரண்டு எண் கொடுங்கள். எழுதி முடித்த வரியைப் பார்த்து டெஸ்ட் செய்பவர் "இது தேறியது, இது தேறவில்லை" என்று சொல்ல முடியாவிட்டால் அந்த வரி இன்னும் முடியவில்லை.

## அறிகுறி 5: ஆபீஸில் ஓடுகிறது, கடையில் படுத்துவிடுகிறது

சாஃப்ட்வேர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருப்பீர்கள், எந்தச் சூழ்நிலையில் செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கமாட்டீர்கள். கடைக்கு ஒரு முறை நேரில் போய், கூட்ட நேரத்தில் ஒரு மணி நேரம் நின்றால் பெரும்பாலும் பிடிபடும். பூக்கடை என்றால் முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் போங்கள்.

தமிழ் அச்சு. பில்லில் தமிழ் கட்டங்கட்டமாக வருகிறதா? பில் அடிக்கும் தெர்மல் பிரின்டருக்குள் இருக்கும் எழுத்துருவில் பொதுவாகத் தமிழ் இருக்காது. தமிழ் வரிகளைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். அப்போது அகலம் முக்கியம்: 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) பிரின்டரில் 80 மில்லிமீட்டர் தாளுக்கு வழக்கமாக 576 புள்ளி, 58 மில்லிமீட்டர் தாளுக்கு 384. பெரிய தாளுக்கு வரைந்த பில்லைச் சின்னத் தாளில் அடித்தால் தொகைப் பத்தி வெட்டுப்படும். பிரின்டர் மாடலைத் தேவைத் தாளில் எழுதுங்கள், படமாக அடித்தால் ஒரு பில்லுக்கு எத்தனை வினாடி பிடிக்கிறது என்பதையும் கடையிலேயே அளந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய தமிழ் டேட்டா. பொருள் பெயரைத் தேடினால் கிடைக்கவில்லை, கண்ணுக்கு மட்டும் தெரிகிறது என்றால், எக்செல்லில் இருந்து அந்தப் பெயரை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்துகள் கந்தரகோலமாக வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. எல்லாக் கம்ப்யூட்டரும் படிக்கும் பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றுவதைவிடச் சரிபார்க்கத்தான் நாள் பிடிக்கும், அதை யார் செய்வது என்று முன்பே பேசுங்கள்.

கரண்டும் நெட்டும். மாதப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிற்கும் நாளில் கடை மூடுவதில்லை. யுபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கும், நெட் இல்லாமல் பில் போட வேண்டுமா என்று கேளுங்கள். "ஆமாம்" என்றால் இது சின்ன வேலை இல்லை. இரண்டு கவுன்டரும் துண்டித்த நிலையில் ஒரே பில் எண்ணைக் கொடுத்துவிடும். ஒவ்வொரு கவுன்டருக்கும் தனி முன்னொட்டு வேண்டும். ஆனால் ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் மொத்தம் 16 எழுத்துக்கு மிகக்கூடாது, எழுத்து, எண், சிறுகோடு, சாய்கோடு தவிர வேறு குறி ஆகாது. கிளைப் பெயர், ஆண்டு, கவுன்டர் என்று ஆசையாக அடுக்கினால் வரிசை எண்ணுக்கு இடமிருக்காது. முதலிலேயே ஒரு முழு எண்ணை எழுதி எண்ணிப் பாருங்கள்.

எடைத்தராசு. தராசிலிருந்து எடை நேரடியாக வர வேண்டும் என்றால் தராசின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சீரியல் போர்ட் (கம்ப்யூட்டர் கேபிள் மாட்டும் இடம்) இல்லாத தராசை வைத்துக்கொண்டு இந்தத் தேவைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். தராசைத் திறந்து மாற்றுவதும் நம் வேலை கிடையாது. தராசில் இருக்கும் அரசு முத்திரை உடைந்தால் வம்பு. விற்ற கம்பெனியின் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 6: ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று உடைகிறது

எக்செல் தாளில் இன்னும் இரண்டு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள்: எந்தத் திரை, எந்த டெஸ்ட். தே-12 மாறினால் அதே திரையைத் தொடும் மற்ற எண்களை வடிகட்டி, அந்த டெஸ்ட்களை மட்டும் ஓட்டுங்கள். அறுபது எழுபது தேவை வரை எக்செல் தாங்கும். நூற்றைம்பதைத் தாண்டினாலோ நாலு பேர் ஒரே நேரத்தில் திருத்தினாலோ ஜிரா, ரெட்மைன் மாதிரி வேலைகளைக் கண்காணிக்கும் கருவி ஒன்றுக்குப் போங்கள். அதற்கு முன் போனால் கருவியைப் பராமரிப்பதே தனி வேலையாகிவிடும்.

## அறிகுறி 7: சட்டம் மாறியது, "உடனே மாத்திக் கொடுங்க" என்கிறார்

ஜிஎஸ்டி விகிதம் மாறிய 2025 செப்டம்பர் 22 நல்ல பாடம். ஆயத்த ஆடைக்கு அதுவரை ஒரு பீஸ் 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், மேலே 12. அன்றிலிருந்து 2,500 வரை 5, மேலே 18. புரோகிராமுக்குள் "1000" என்றும் "12" என்றும் எழுதி வைத்திருந்தால் தீபாவளி வியாபாரத்துக்கு நடுவே கோடிங்கைத் தோண்ட வேண்டும்.

சரிபார்ப்பு எளிது: வரி விகிதமும் வரம்பும் அட்டவணையில் இருக்கிறதா, ஒவ்வொன்றுக்கும் "எந்தத் தேதி முதல்" என்று இருக்கிறதா? தேதி இல்லாமல் விகிதத்தை மட்டும் மாற்றினால், 21ஆம் தேதி போட்ட பில்லுக்கு 25ஆம் தேதி சரக்கு திரும்பி வந்தால் புது விகிதத்தில் கழிக்கும். பழைய பில்லுக்கு அந்தப் பில்லின் விகிதம்தான் போக வேண்டும். "மூலப் பில்லின் விகிதத்தையே எடு" என்பதைத் தனித் தேவையாக எழுதுங்கள்.

2,650 ரூபாய்ச் சட்டைக்கு 10 சதவீதத் தள்ளுபடி போனால் 2,385. எந்த விலையை வைத்து வரம்பு பார்ப்பது, விலைச்சீட்டில் இருப்பது வரி சேர்த்த விலையா? இந்த மாதிரிக் கேள்வி எழும் இடமே ஆடிட்டருக்குப் போன் போடும் இடம். பதிலை மெயிலில் வாங்கி, அந்த மெயில் தேதியைத் தாளில் குறியுங்கள்.

இன்னொன்றை முதல் மீட்டிங்கிலேயே கேட்டுவிடுங்கள்: ஆண்டு விற்றுமுதல் எவ்வளவு? 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள், ஜிஎஸ்டி பதிவுள்ள வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவு செய்த பில்) எடுக்க வேண்டும். போன வருடம் குறைந்திருந்தாலும் தப்பிக்க முடியாது. 2017-18 முதல் ஏதாவது ஓர் ஆண்டில் தாண்டியிருந்தால் போதும். சில்லறை மட்டும்தானே என்று விட்டுவிட்டு, மாடியில் மொத்த வியாபாரம் நடப்பது பிறகு தெரியவரும்.

செலவு யாருடையது? சட்ட மாற்றத்துக்கு ஆண்டுப் பராமரிப்புத் தொகையில் இடம் இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும். விகிதம் மாற்றுவது பராமரிப்பு, புதிய முறையையே சேர்ப்பது புது வேலை என்று பிரிப்பது நியாயமாக இருக்கும்.

## அறிகுறி 8: வேலை முடிந்தது, ஆனால் "ஓகே" வரவில்லை

நேரம் தப்பு. சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளைச் சுற்றும் நாளில், அங்கே கடை வைத்திருப்பவரை டெஸ்டிங்குக்கு உட்காரச் சொல்லாதீர்கள். ஜவுளிக்கடை என்றால் தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் கையே வைக்க வேண்டாம். ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு பிடியுங்கள்.

எதற்கு ஓகே என்று தெரியவில்லை. முழு சாஃப்ட்வேருக்கும் ஒரே கையெழுத்துக் கேட்டால் யாரும் பயப்படுவார். அறிகுறி 1இல் வாங்கிய அதே பத்துச் சீட்டைக் கணக்குப்பிள்ளையையே போடச் சொல்லுங்கள். பத்தும் பைசா சுத்தமாக வந்தால் அந்தத் தாளில் அவர் கையெழுத்தும் முதலாளி கையெழுத்தும். திரை வாரியாக வாங்குங்கள், பாக்கித் தொகையையும் அப்படியே பிரித்து வையுங்கள்.

காசு இல்லை, அல்லது கொடுக்க மனமில்லை. புதுக் குறைகள் வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சின்னதாக இருக்கும். ஒப்படைத்த தேதியோடு தே-எண் பட்டியலை இணைத்து மெயில் அனுப்புங்கள். 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் பணத்தை 45 நாளுக்கு மேல் தள்ள முடியாது. தள்ளினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. அந்தக் கெடுவும் தாண்டினால் சிறு தொழில்களின் பாக்கிக்கான அரசு இணையதளத்தில் மனுப் போடலாம், அதற்கு முன் வக்கீலிடம் தாள்களைக் காட்டிவிடுங்கள். ஒன்று மட்டும்: உங்கள் உத்யம் பதிவு (சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு) புராஜெக்ட் தொடங்கும் முன்பே இருப்பது நல்லது. தகராறு வந்தபின் எடுத்த பதிவு அந்தப் பழைய பாக்கிக்கு உதவும் என்று நம்பியிருக்க முடியாது.